மாடல் ரயிலுக்கு வேலி ஆர்டர் பண்றவங்க ஒரு நிமிஷம் இதைப் படிங்க

குன்னூர்ல இருந்து எழுதறேன். ரெண்டு வருஷமா மாடியில நம்ம மலை ரயிலை ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது 87-ல ஒரு பங்கு அளவுல, கட்டிட்டு இருக்கேன். நம்ம லைன் மீட்டர் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர், அதனால மாடல்ல 12 மில்லிமீட்டர் டிராக். ரன்னிமேடு தாண்டி குன்னூர் ஏறி வர்ற ஒரு வளைவு, மேல தேயிலைச் சரிவு, நடுவுல ஒரு பழைய மரவேலி, இவ்வளவுதான் லேஅவுட். அந்த வேலிதான் எனக்கு முக்கியம். அப்பா எஸ்டேட்ல இருந்தப்ப எங்க லைன் வீட்டு முன்னாடி சில்வர் ஓக் கிளையை வெட்டி நட்ட வேலி ஒண்ணு இருந்துச்சு, மேல வெயில் பட்டு சாம்பலா வெளுத்து, அடியில பாசி ஏறி, ஒரு கம்பம் மாதிரி இன்னொரு கம்பம் இருக்காது. அதே மாதிரி வேணும்னுதான் ஆசைப்பட்டேன்.

போன செப்டம்பர்ல ஆன்லைன்ல ஒருத்தர் போட்ட ஃபோட்டோ பாத்தேன், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. மெசேஜ் பண்ணினா "அண்ணா எல்லாம் ஒரிஜினல் மரம், ஒவ்வொரு குச்சியும் கையால வெதரிங் பண்றதுங்கண்ணா"ன்னு சொன்னார், அதாவது வெயில் மழையில பழசான மாதிரி சாயம் ஏத்தறது. மீட்டர் 1,200 ரூபாய், 3 மீட்டர் சொன்னேன், முழுப் பணமும் ஜிபேல முன்னாடியே வாங்கிட்டார். ரெண்டு வாரம்னு சொன்னது ஏழு வாரம் ஆச்சு, கேக்கறப்பெல்லாம் "நாளைக்கு கொரியர்ல போட்டுடறேன்ணா"தான்.

பார்சல் பிரிச்சதும் கருகின வாசனை. லேசர்ல வெட்டின எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை, முழு மரமே இல்ல. வெட்டு ஓரமெல்லாம் கருப்பு, தொட்டா விரல்ல கரி ஒட்டுது. மேல பிரவுன் ஸ்ப்ரே பெயிண்ட் ஒரு கோட்டிங், அதுதான் அவர் சொன்ன வெதரிங். நகத்தால ஒரு கம்பத்து அடியைச் சுரண்டினேன், மரத்தோட ரேகை எதுவும் இல்லாம மாவு மாதிரி தூள் கொட்டுச்சு. லென்ஸ் வெச்சுப் பாத்தா ஒரு கம்பத்துல மரக்கண்ணு மாதிரி ஒரு வட்டம் பொறிச்சிருக்கு, அங்கிருந்து எண்ணினா ஆறாவது கம்பத்துல அதே வட்டம், அதே இடத்துல, அப்புறம் பன்னெண்டாவதுல. ஒரே டிசைனைத் திரும்பத் திரும்ப வெட்டித் தள்ளியிருக்கார்.

அளவும் தப்பு. 4 அடி வேலின்னா இந்த ஸ்கேல்ல 14 மில்லிமீட்டர்தான் வரணும், வந்தது 20. தண்டவாளம் பராமரிக்கற என் கேங்மேன் பொம்மை 19 மில்லிமீட்டர், பக்கத்துல நிறுத்தினா ஆளே வேலிக்குப் பின்னாடி மறைஞ்சு போறான்!

சரி, கையில இருக்கறதைத் தேத்தலாம்னு அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணி கலந்து மெல்லிசா பூசற வாஷ் கொடுத்தேன். எம்டிஎஃப் ஈரத்தைக் குடிச்சு உப்பிப் போச்சு, பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. நவம்பர் மழை, ஜன்னலைத் திறந்தா மூடுபனி உள்ள வர்ற ஊருங்க இது, வாஷ் கொடுக்காத மிச்சமும் ஒரே மாசத்துல வில்லா வளைஞ்சிடுச்சு. அவர்கிட்ட ஃபோட்டோவோட கேட்டேன், "கஸ்டம் ஆர்டர்ணா, ரிட்டர்ன் கிடையாது"ன்னு சொல்லிட்டு என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். பொங்கலுக்கு வந்த அக்கா பையன் அவரோட ஃபோட்டோவைத் தேடிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, அது யாரோ வெளிநாட்டுக்காரர் பல வருஷம் முன்னாடி தன் லேஅவுட்ல எடுத்தது. 3,600 போனதை விட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது, இன்னொருத்தரோட உழைப்பைக் காட்டி காசு வாங்கியிருக்கார்.

இப்ப நானே பண்றேன். கவாத்து வெட்டின தேயிலைச் செடியோட மெல்லிசு குச்சி தோட்டத்துல கொட்டிக் கிடக்கு, நல்லா காய வெச்சா கம்பத்துக்கு அவ்வளவு பொருத்தம். குறுக்குச் சட்டத்துக்கு பால்சாங்கற லேசான மரத்தோட மெல்லிசு துண்டு. முதல்ல திக்கான டீ டிகாக்ஷன்ல ஊற வெச்சு காய விடணும், அப்புறம் ஸ்டீல் வுல்ங்கற மெல்லிசு இரும்பு நாரை வினிகர்ல மூணு நாள் போட்டு வெச்ச தண்ணியைப் பிரஷ்ல தடவணும், டீயில இருக்கற டேனின்ங்கற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மரம் கண்ணு முன்னாடியே சாம்பலாகும். இதை முடிச்சுட்டுதான் ஒட்டணும், ஃபெவிகால் பட்ட இடத்துல சாயம் ஏறாது, திட்டுத்திட்டா தெரியும். அடிப்பாகத்துக்கு மட்டும் பச்சை சாக்பீஸ் பொடி.

யார்கிட்ட வாங்கினாலும் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி குச்சியோட வெட்டு முனையை க்ளோஸப்பில, பக்கத்துல அளவு ஸ்கேல் வெச்சு, அன்னைக்கே எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அக்கா பையன் நேத்து காட்டினான், அதே ஃபோட்டோவை வேற பேர்ல இருக்கற அக்கவுண்ட்ல மறுபடி போட்டிருக்காங்க, மீட்டர் இப்ப 1,400.