வாசனைப் பொடியா, வெறும் பொடியா: பினாங்கு வெக்கையில் எது நிற்கிறது?

என் தாத்தாவின் வேட்டி மடிப்பில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி மட்டை இருக்கும். வாழைச் சருகை மடித்து நாரால் கட்டியது. இந்தப் பொடி எத்தனை நாளைக்கு மணக்கும் என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் சரக்குக்கு ஏது அந்தக் கவலை?

என் கதை வேறு. எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சிட்டிகை போதும். 10 கிராம் டப்பா ஒன்று மூன்று மாதம் ஓடுகிறது. போன வருடம் ஒரே நாளில் நான்கு டப்பாக்களைத் திறந்து, ஜார்ஜ்டவுன் வீட்டு அலமாரியில் வரிசையாக வைத்தேன். ரோஜா வாசனை போட்ட இங்கிலாந்துப் பொடி, பெர்கமோட் என்கிற நாரத்தை வகைப் பழ எண்ணெய் போட்ட இன்னொன்று, மெந்தால் பொடி, எந்த வாசனையும் சேர்க்காத வெறும் பொடி. கூடவே ஊரிலிருந்து வந்த நெய்ப்பொடி கொஞ்சம்.

முதலில் கவிழ்ந்தது பெர்கமோட்தான். எலுமிச்சை, நாரத்தை வகை எண்ணெய்கள் எல்லாமே சீக்கிரம் பறப்பவை. திறந்த அன்று அறை முழுக்க நாரத்தைத் தோல் உரித்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் டப்பாவுக்குள் மூக்கை விட்டால்தான் தெரிந்தது. இரண்டாவது மாதம் அதுவும் இல்லை. புகையிலை மட்டும் மிச்சம், அதிலும் காய்ந்த காகித வாடை.

ரோஜா அதைவிடத் தாக்குப்பிடித்தது. ஆனால் நடுவில் ஆள் மாறிப்போனது. முதலில் இருந்த பச்சை ரோஜா போய், பழைய பூஜை அறையில் காய்ந்த மாலை கிடக்கிற மாதிரி ஒரு மணம். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை.

இதைப்பற்றி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் அத்தர் விற்கிற பாய் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, காலையில போட்ட லெமன் லுஹருக்கே போயிடும். சந்தனம் இஷா தொழுதுட்டு வீட்டுக்குப் போற வரைக்கும் சட்டையில நிக்கும். பொடிக்கு மட்டும் வேற கணக்கா?" என்றார். அதே கணக்குத்தான். ஆகவே வாசனைப் பொடி எத்தனை நாள் தாங்கும் என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வாசனை என்று கேட்க வேண்டும். சந்தனம், கஸ்தூரி, வெட்டிவேர் மாதிரி கனமான வாசனை அடியில் இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பொடி டப்பாவுக்குள் டோங்கா என்கிற வாசனைக் கொட்டை ஒன்றைப் போட்டு வைத்ததும் இதற்குத்தான். அதிலிருக்கும் கூமரின் என்ற மணப்பொருள் மெல்ல மெல்லத்தான் வாசனையை விடும்.

மெந்தால் தனிக் கேஸ். நாம் வாசனை என்று நினைப்பதில் பாதி வெறும் குளிர்ச்சி. மூக்கில் குளிரை உணரும் நரம்புகளை அது தொட்டு எழுப்புகிறது. அதனால் மணம் குறைந்தாலும் 'ஜிவ்' குறைந்ததாகத் தோன்றாது. ஆனால் வேலி தாண்டி மேய்கிற சரக்கு. பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் பக்கத்து டப்பாக்களுக்கும் போய்விடும். என் வெறும் பொடியில் ஒரு நாள் தலைவலித் தைலம் மணந்தபோதுதான் இது உறைத்தது.

சரி, வெறும் பொடி. இதற்கு வாசனை என்பதைவிட நெடி என்று சொல்வதுதான் பொருத்தம். இலை பதமாகும்போது வந்த புளிப்பு, வறுத்த வாடை, சுண்ணாம்பு மாதிரிக் காரப்பொருள் சேர்ப்பதால் எழுகிற அம்மோனியா எல்லாம் சேர்ந்தது அது. அம்மோனியா முதலில் போய்விடும், அதனால் பழைய பொடி மூக்கைக் கொஞ்சம் குறைவாகத்தான் அடிக்கும். மீதி இலைக்குள்ளேயே ஊறிய மணம், அது லேசில் போகாது. ஐந்தாவது மாதமும் என் டப்பாவில் வைக்கோலும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு மணம் இருந்தது.

அரைப்பிலும் விஷயம் இருக்கிறது. 'ஹை டோஸ்ட்' என்று அயர்லாந்து வழியில் வறுத்து மாவாக அரைத்த பொடி சீக்கிரம் மணம் இழக்கும். ராப்பி என்கிற கொரகொரப்பான ஈரப் பொடி கூடுதல் நாள் வைத்திருக்கும். காபித்தூள் வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாசனைப் பொடிக்கும் வெறும் பொடிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. பாயான் லெப்பாஸில் ஏர்கான் ஓடுகிற அலுவலக மேஜையில் ரோஜாவையும் வெறும் பொடியையும் ஒரு மாதம் மறந்து விட்டுவிட்டேன். இரண்டும் சுண்ணாம்புத் தூள் மாதிரி காய்ந்துவிட்டன. பெரிய போத்தல் ஒன்றில் ஈரத்துணியைப் போட்டு, துணி படாமல் இரண்டு டப்பாக்களையும் திறந்தபடி உள்ளே வைத்து மூடினேன். மறுநாள் வெறும் பொடி முக்கால்வாசி பழைய நிலைக்கு வந்துவிட்டது. ரோஜாவும் ஈரமானது, ஆனால் ரோஜா வரவில்லை. பறந்துபோன எண்ணெயை எந்தத் துணியில் நனைத்து வைப்பது?

அப்படியானால் வெறும் பொடிதான் உத்தமமா? பினாங்கில் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. செப்டம்பர், அக்டோபர் மழையில் மூடி சரியாக இல்லாவிட்டால் ஈரப் பொடியில் பூஞ்சை வரும். பூஞ்சை வாடை வந்த பொடியைக் கொட்டிவிட வேண்டியதுதான். காய வைத்துப் போடலாம் என்று யோசிக்கவே வேண்டாம். சீனர்கள் அந்தக் காலத்தில் பொடியைப் பெட்டியில் வைக்காமல், தக்கை மூடியும் அதில் ஒட்டிய குட்டிக் கரண்டியும் உள்ள சின்னச் சீசாவில் வைத்திருந்தார்கள். புழுக்கமான ஊரில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நெய்ப்பொடியைச் சொல்ல விட்டுவிட்டேனே. புகையிலையை வறுத்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்து அரைக்கிற நம் ஊர்ப் பொடியைப் பலர் வெறும் பொடிக் கணக்கில் சேர்க்கிறார்கள். புதிதாக இருக்கும்போது அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த வெக்கையில் ஆறே வாரத்தில் எனக்கு நெய் காறிவிட்டது. தாத்தாவின் மட்டை சின்னதாக இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மூக்குக்குள் எவ்வளவு நேரம் என்றால், என் மூக்கில் பெர்கமோட் ஐந்து நிமிடம், ரோஜா கால் மணி நேரம், வெறும் பொடி அரை மணி நேரத்துக்கும் மேல் மெலிதாக. இதில் மூக்கை முழுக்க நம்ப முடியாது. ஒரே மணத்துக்கு அது சீக்கிரம் பழகிப்போகும். பத்து நிமிடம் கழித்து வெளியே போய் வந்தால் வாசனை திரும்ப வந்த மாதிரி இருக்கும். அடுத்த சிட்டிகைக்குக் கை போவதற்கு மூக்கு இப்படிப் பழகிப்போவதும் ஒரு காரணம். அங்கே கையை நிறுத்துவது நல்லது. புகை இல்லையே தவிர, இதுவும் நிகோட்டின்தான்; புற்றுநோய் அபாயமும் கூடவே வருகிறது. இதுவரை தொடாதவர்கள் இந்த அலசலைப் படித்துவிட்டுத் தொட வேண்டாம்.

இப்போது நான் வாசனைப் பொடியில் ஒரே ஒரு டப்பாதான் திறந்து வைக்கிறேன், அதுவும் இருப்பதிலேயே சின்ன அளவு. வெறும் பொடியைக் கண்ணாடிச் சீசாவில், வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். மெந்தால் டப்பாவுக்கு வீட்டில் இடமில்லை. சமையலறைக் கிராம்பு டப்பாவிலும் மெந்தால் மணக்கிறது என்று மனைவி அதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள்.