எங்கள் கடற்கரை அறக்கட்டளைக்கு நாங்கள் எடுத்த நன்கொடையாளர் மென்பொருள்: சிவிசிஆர்எம்

சின்ன அறக்கட்டளை நடத்துகிறவர்கள் நன்கொடையாளர் விவரம் வைத்துக்கொள்ள எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால், சிவிசிஆர்எம் (CiviCRM) என்றுதான் சொல்வேன். கூடவே ஒரு நிபந்தனையும் சொல்வேன். அதைப் போட்டுத் தந்து, மாதாமாதம் எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத ஊராக இருந்தால் எக்செல்லிலேயே ஒழுங்காக எழுதி வைப்பது மேல். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்புகளை மனதில் வைத்து எழுதியவை. நம் பக்கம் பணம் வருகிற வழி வேறு, அரசாங்கம் கேட்கிற கணக்கும் வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் இருக்கும் ஒரு அறக்கட்டளையில் நான் கணக்கு பார்க்கிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கல்லூரிக் கட்டண உதவி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் அரிசி, மளிகை. இதுதான் எங்கள் வேலை. துபாயில் வேலை பார்க்கும் பெரியபட்டினத்துப் பையன்கள் பணம் அனுப்புவார்கள். சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட கீழக்கரைக் குடும்பங்கள் ரமலானில் தாங்களே கேட்டு வந்து கொடுப்பார்கள். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு தொகை கொடுப்பார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் நூறும் இருநூறும் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

இந்த நூறு ரூபாய்க்காரர்களால்தான் வெளிநாட்டு மென்பொருள்கள் பலவும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து மாதக் கட்டணம் போடுவது அங்கே வழக்கம், அதுவும் டாலரில். ஆயிரம் பேர் நூறு நூறாகக் கொடுக்கும் அமைப்புக்கும் ஆயிரம் பேர் லட்சம் லட்சமாகக் கொடுக்கும் அமைப்புக்கும் ஒரே கட்டணம் என்றால் நாங்கள் எங்கே போவது? சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் தொண்டு நிறுவனங்களுக்குப் பத்து உரிமங்களை இலவசமாகத் தருகிறது, அது பெரிய உதவிதான். ஆனால் அதை நமக்கேற்ப அமைத்துத் தர தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும், அந்தச் செலவு பெரிய அமைப்புக்குத்தான் சரி. டேலி என்ற கணக்கு மென்பொருள் எங்களிடம் முன்பிருந்தே இருக்கிறது, அதை விடவும் இல்லை. வரவு செலவுக்கு அது போதும். ஆளைப் பற்றிய விவரத்தை விரிவாக வைத்துக்கொள்ள அது தோதுப்படாது.

மென்பொருள் விற்பவர்கள் காட்டும் மாதிரியைப் பார்த்து யாரும் முடிவு எடுத்துவிடாதீர்கள். அந்த மாதிரியில் எல்லாருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் கச்சிதமாக இருக்கும். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர்தான் அருமையான யோசனை சொன்னார். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி, இருப்பதிலேயே சிக்கலான ரசீதுகளாகப் பொறுக்கி எடுத்து, "இதை ஏற்றிக் காட்டுங்க தம்பி" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே தடுமாறினார்கள்.

முதல் ரசீது: மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறார், "உம்மா (அம்மா) பேர்ல போட்டுடுங்க" என்கிறார். பணம் யாருடைய கணக்கிலிருந்து வந்ததோ அவர் பெயரில், அவர் பான் எண்ணில்தான் ரசீது போட வேண்டும். ஆனால் நன்றிக் கடிதம் உம்மாவுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் மனவருத்தம். சிவிசிஆர்எம்மில் ஒரே நன்கொடையைக் கொடுத்தவர் பெயரில் வரவு வைத்துவிட்டு, அதற்குக் காரணமானவர் என்று இன்னொருவரையும் சேர்த்துக் குறிக்க முடிகிறது. உம்மாவின் பக்கத்தைத் திறந்தால் மகன் கொடுத்ததும் தெரியும், மொத்தத் தொகையில் இரட்டிப்பும் ஆகாது. நாங்கள் தேடிய வசதிகளில் இது முதலாவது.

இரண்டாவது ரசீது வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கானது, அதுதான் உயிர்நாடி. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எல்லாமே வெளிநாட்டு நன்கொடை அல்ல. இந்தியக் குடியுரிமை உள்ளவர் துபாயில் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால், எஃப்சிஆர்ஏ எனப்படும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே தெருக்காரர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவராக இருந்தால், ஊருக்கு வந்தபோது ரூபாய் நோட்டாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் அதை வாங்க முடியும். எங்களுக்குப் பதிவு இல்லை. ஆக, எங்களுக்குத் தேவைப்படுவது ஆள் எந்த நாட்டில் இருக்கிறார் என்ற கட்டம் அல்ல, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்ற கட்டம். நாங்கள் பார்த்த மென்பொருள்களில் முகவரியில் நாடு கேட்டார்கள், குடியுரிமையை யாரும் கேட்கவில்லை. சிவிசிஆர்எம்மில் நமக்கு வேண்டிய கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் நாடு, நகல் வாங்கிய தேதி என்று இரண்டு கட்டம் சேர்த்தோம். அது நிரம்பாமல் வெளிநாட்டு முகவரிக்கு ரசீது போடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி. எங்கள் களப்பணியாளர் அக்கா போனில், "காக்கா (அண்ணா), தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பாஸ்போர்ட் இந்தியாவா, சிங்கப்பூரா?" என்று கேட்டுவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. காரணத்தைச் சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது 80ஜி, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு தரும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப் பிரிவு. 2021-22 நிதியாண்டிலிருந்து, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை 10பிடி படிவமாக மே 31க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் கிடைக்கும், அந்தச் சான்றிதழ்தான் அவர் வரிக் கழிவுக்கு ஆதாரம். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம் போடவும் சட்டத்தில் இடம் உண்டு. கெடு நாளோ தடைக்காலத்தின் நடுவில் வருகிறது. ஒரு பக்கம் அரிசி மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் பான் எண்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

சிவிசிஆர்எம்மில் 10பிடி என்று தயார் பொத்தான் எதுவும் கிடையாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய கட்டங்களை வைத்து ஓர் அறிக்கை அமைத்து, எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்கிறோம். அடையாள எண், பெயர், முகவரி, நன்கொடை வகை, வந்த வழி, தொகை. ஒரு தடவை அமைத்துவிட்டால் அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

பான் எண்ணில் கவனிக்க வேண்டியது நாலாவது எழுத்து. தனிநபர் என்றால் அங்கே பி (P) இருக்கும், கூட்டாண்மை நிறுவனம் என்றால் எஃப் (F), கம்பெனி என்றால் சி (C), அறக்கட்டளை என்றால் டி (T). கருவாட்டு வியாபாரி ஒருவர் தன் பெயரில் ரசீது கேட்டுவிட்டு, நாலாவது எழுத்து எஃப் உள்ள எண்ணைக் கொடுத்தார். அது அவரும் அவர் மச்சானும் சேர்ந்து நடத்தும் கடையின் எண். அப்படியே ஏற்றியிருந்தால் அந்தக் கழிவு அவருக்குக் கிடைத்திருக்காது. இப்போது நபர் என்று பதிந்துவிட்டு நாலாவது எழுத்து வேறாக இருந்தால் திரையில் எச்சரிக்கை வருகிறது. இது மூல மென்பொருளில் இல்லை, எங்களுக்கு அமைத்துத் தந்த தம்பி எழுதிச் சேர்த்தது. அதேபோல ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி வாசகம் ரசீதில் அச்சாகாது, ஏனென்றால் அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கழிவு இல்லை. அரிசி, நோட்டுப் புத்தகம் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. அவற்றுக்கு வேறு நிற ரசீது.

நன்கொடை வகைகளை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதும் எங்களுக்குப் பெரிய வசதி. ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் ஏழைவரி), கல்லூரிக் கட்டணம், தடைக்கால உதவி, பொது என்று பிரித்திருக்கிறோம். ஜகாத் கொடுப்பவர் அந்தப் பணம் உரியவருக்கு மட்டும் போக வேண்டும் என்று கேட்கிறார். அது அவர் கடமை சம்பந்தப்பட்டது, நாங்கள் அதில் ஒரு ரூபாய்கூட மின்கட்டணத்துக்கு எடுக்க மாட்டோம். எப்போது கேட்டாலும் அந்த வரவை மட்டும் தனியாக எடுத்துக் காட்ட முடிகிறது.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். சாகுல் ஹமீது என்ற பெயர் எங்கள் பட்டியலில் வரிசையாக வரும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் போனால் அந்தோணி. நமக்கு இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால். ஒரே கைபேசி எண்ணை வீட்டில் நாலு பேர் கொடுப்பார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் விதியை சிவிசிஆர்எம்மில் நாமே வகுக்கலாம். பெயருக்கு இவ்வளவு மதிப்பு, கைபேசிக்கு இவ்வளவு, பான் எண்ணுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், அந்த அளவைத் தாண்டுகிற இரட்டைகளை எடுத்துக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று நாம் பார்த்து முடிவு செய்யலாம்.

தமிழில் ரசீது அச்சடிக்கிறவர்கள் கட்டாயம் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்ற மூன்று ஊர்ப் பெயரையும் முகவரியில் போட்டு பிடிஎஃப் எடுங்கள். நாங்கள் பார்த்த ஒரு கட்டண மென்பொருளில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, தொண்டியின் தொ மூன்று துண்டாகப் பிரிந்து கிடந்தது. திரையில் சரியாகத் தெரியும், பிடிஎஃப்பில்தான் உடையும். எழுத்துகளைச் சேர்த்து வரையும் வேலையை எல்லாப் பிடிஎஃப் கருவிகளும் செய்வதில்லை, அதுதான் காரணம். நாங்கள் ரசீதை உலாவியில் பக்கமாகத் திறந்து, அங்கிருந்தே அச்சுக்கு அனுப்புகிறோம். எழுத்து ஒழுங்காக வருகிறது. தன் ஊர்ப் பெயர் உடைந்து கிடக்கும் ரசீதை ஒரு பெரியவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. திரையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ள வசதி உண்டு. அக்கா பார்க்கும் திரையில் நன்கொடை, ரசீது, வகை என்றே இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. பொத்தான்களும் பட்டியல்களும் ஏராளம், புதிதாக வருகிறவர் மிரண்டுபோவார். தேவையில்லாததை மறைத்து வைக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். புதிய பதிப்பு மாதாமாதம் வருகிறது, பாதுகாப்புக்காக அதைப் போட்டே ஆக வேண்டும். இணையம் இல்லாமல் வேலை செய்யாது. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கம் மின்சாரமும் இணையமும் போனால் பழைய ரசீதுப் புத்தகம்தான். பிறகு அந்த எண்ணோடு ஏற்றிவிடுகிறோம்.

பாஸ்போர்ட் நகலும் பான் எண்ணும் கையில் இருப்பதால் யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து வைப்பது அவசியம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. எங்களிடம் தன்னார்வலர்களுக்குப் பெயரும் ஊரும் கைபேசி எண்ணும் மட்டும்தான் தெரியும். பான், பாஸ்போர்ட் கட்டங்கள் பொருளாளருக்கும் எனக்கும் மட்டும்.

மென்பொருளுக்குக் காசு இல்லை, யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள். வேர்ட்பிரஸ் கருவியில் அமைத்த இணையதளத்திலேயே ஓடும். செலவு என்பது சர்வர் வாடகையும், அமைத்துத் தருபவருக்குக் கூலியும்தான். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள், ஆனால் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். வாராவாரம் எடுக்கும் முழுத் தரவு நகலில் ஒன்று உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். இருநூறு பேருக்கும் குறைவான நன்கொடையாளர்கள், வெளிநாட்டிலிருந்து யாரும் இல்லை என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நான் மேலே சொன்ன கட்டங்களை அப்படியே ஒரு எக்செல் தாளில் போட்டு, பான் எண்ணை ரசீது போடும்போதே கேட்டு வாங்கினால் மே மாதம் நிம்மதியாகப் போகும்.