கழுகு முட்டை பொரிவதை நேரலையில் பார்ப்பது: சில வருட அனுபவம்

கலிபோர்னியாவில் பிக் பேர் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில் சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் கூடு. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி என்ற அமைப்பு அங்கே கேமரா வைத்து யூடியூபில் 24 மணி நேரமும் காட்டுகிறது, காசு கிடையாது. சில வருடங்களாகப் பார்க்கிறேன். பார்க்கலாமா என்றால் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் முட்டை பொரியும் அந்த ஒரு நிமிஷத்துக்காக மட்டும் உட்கார்ந்தால் கடுப்புதான் மிஞ்சும்.

ஏனென்றால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. பனி கொட்டும், கழுகு அசையாமல் உட்கார்ந்திருக்கும், எப்போதாவது எழுந்து அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும். 2024-இல் மூன்று முட்டை இட்டது ஜாக்கி. பிப்ரவரிப் பனிப்புயலில் 60 மணி நேரத்துக்கும் மேல் கூட்டை விட்டு நகராமல் அடைகாத்தது, முதுகெல்லாம் பனி. அத்தனையும் பார்த்தோம், மூன்றில் ஒன்றுகூடப் பொரியவில்லை. நாள் கடந்த பிறகும் ஜாக்கியும் ஷேடோவும் மாறி மாறி உட்கார்ந்ததுதான் தாங்கவில்லை, அந்த வருடம் நடுவில் நான் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

2025-இல் மறுபடி மூன்று முட்டை. மார்ச் 3 இரவு முதல் குஞ்சு, மறுநாள் இரண்டாவது, மார்ச் 8-இல் மூன்றாவது. கலிபோர்னியாவின் இரவு நமக்குப் பகல் என்பதால் முதல் குஞ்சு வந்தது நம்மூர் மதியச் சாப்பாட்டு நேரத்தில். அகச்சிவப்பு விளக்கில் தெரியும் கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது குஞ்சு வெளியே வருவதை அல்ல, அதற்கு முந்தைய ஒரு நாளை. முதலில் ஓட்டில் மிளகளவு ஒரு பொத்தல். குஞ்சின் அலகு நுனியில் சின்னதாக ஒரு முனை இருக்கும், முட்டைப் பல் என்பார்கள், அதை வைத்துத்தான் ஓட்டை உடைக்கிறது. பொத்தல் விழுந்ததிலிருந்து வெளியே வர ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள்கூட ஆகும், நடுவே நீண்ட நேரம் ஓய்வெடுத்துக் கிடக்கும். தாய் உடைத்துக் கொடுப்பதில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள், ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சென்று கேட்கும், ஜாக்கி குனிந்து பதில் குரல் கொடுக்கும். அத்தனை பெரிய நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு முட்டைகளுக்கு நடுவே அடி வைப்பதையும் விடாதீர்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

வெளியே வந்த குஞ்சு அழகாக எல்லாம் இருக்காது. ஈரத்தோடு, தலை நிற்காமல், அம்மா நீட்டும் மீன் துணுக்கைக் குறி தவறித் தவறிக் கொத்தும்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். 2025-இல் வந்த மூன்றில் ஒன்று மார்ச் நடுவில் வந்த பனிப்புயலில் செத்துப்போனது. கேமராவுக்கு அதையெல்லாம் மறைக்கத் தெரியாது. மூத்தது இளையதைக் கொத்துவதும் சகஜம், சாப்பாடு போதுமான அளவு வந்தால் பெரும்பாலும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். மிஞ்சிய இரண்டுக்கும் சன்னி, கிஸ்மோ என்று அந்த ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் ஜூனில் பறந்தன.

நேரம் இல்லாதவர்களுக்கு: அடைகாக்கும் ஒரு மாதத்துக்கு மேலான காலத்தில் எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும். இந்தக் கூட்டில் பொரிய 38, 39 நாள் ஆகிறது, அதனால் முட்டையிட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு 35-ஆம் நாளிலிருந்து தினமும் திறந்து பாருங்கள். மாலை ஏழரை, எட்டுக்குப் பார்த்தால் அங்கே விடியும் நேரம், கலரில் தெரியும், ஷேடோ மீனோடு வருவதும் பல நாள் அப்போதுதான்.