மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்: எந்தச் சத்தத்தைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்கத் தொடங்கினால், பல நேரங்களில் அதைச் சரிசெய்வதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். என்ஜினில் எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் எழும் அதிர்வு அக்கம்பக்கத்துப் பாகங்களுக்கும் பரவி, பானெட்டைத் திறந்து குனிந்து கேட்பவரைக் குழப்பிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார்கள். அதே வேலையைச் சற்று வசதியாகச் செய்துகொள்வதற்காக ஒரு மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் வாங்கினேன்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் கருவியேதான். மார்பில் வைக்கும் வட்டுக்குப் பதிலாக ஒரு சிறு உலோகக் கிண்ணமும், அதிலிருந்து நீளும் மெல்லிய எஃகுக் கம்பியும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

என் காரில் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது மட்டும் கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. வாட்டர் பம்ப்பை மாற்றிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றும் ஒரே பெல்ட்டில் சுற்றுவதால், வெறும் காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். சுழலும் பாகத்தைத் தொடாமல், ஒவ்வொன்றின் அசையாத உடற்பகுதியிலும் கம்பியை ஊன்றிக் கேட்டேன். ஆல்டர்னேட்டரில் சீரான ரீங்காரம் கேட்டது. வாட்டர் பம்ப்பில் அதைவிட மென்மையான ஓசை. டென்ஷனரின் நடு போல்ட்டில் வைத்ததும், மணலை அரைப்பதுபோன்ற ஒலி காதுக்குள் பாய்ந்தது. டென்ஷனரை மட்டும் மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டது. கருவிக்குக் கொடுத்த காசு அந்த ஒரு வேலையிலேயே வந்துவிட்டது.

ஆனால் நல்ல பாகத்தின் ஒலி எப்படியிருக்கும் என்று தெரியாதவர் கையில் இந்தக் கருவி வீண் பயத்தையே கொடுக்கும். என்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின்மேல் வைத்தால் டக் டக்கென்று பலமாகக் கேட்பது இயல்பானதுதான். நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று மட்டும் வேறுமாதிரி ஒலித்தால்தான் கவனிக்க வேண்டும். ஆகவே, வாங்கியவுடன் பழுதில்லாத ஒரு காரில் பொறுமையாகக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

வண்டி ஓடும்போது மட்டுமே வரும் சத்தங்களுக்கு இது உதவாது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் வீல் பேரிங் ஊளையை, ஓட்டும்போதே ஓரளவு இனங்காணலாம். வலப்புறம் வளைகையில் பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாய்வதால், அப்போது ஊளை கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது வரும் டக டக ஒலி சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டையும், சிறு பள்ளங்களில் கேட்கும் லொட லொட சத்தம் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களையும் சுட்டும். இவற்றை ஓட்டத்திலேயே கேட்பதற்கென்று, பல மைக்குகளைக் கிளிப்பால் சஸ்பென்ஷனில் மாட்டி, உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோனில் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கும் ‘சேசிஸ் இயர்’ என்ற தனிக் கருவி இருக்கிறது. ஒரு காரை மட்டும் வைத்திருப்பவருக்கு அது அநாவசியச் செலவு என்பேன்.

குறைகளும் உண்டு. காதில் செருகும் பிளாஸ்டிக் முனைகள் கடினமானவை. சிறிது நேரத்திலேயே வலி எடுக்கிறது. கம்பி தவறிப்போய் எதிலாவது தட்டினால் காதுக்குள் அறைந்ததுபோல் இருக்கிறது. தொங்கும் ரப்பர் குழாய்தான் இதில் உண்மையான ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலோ ரேடியேட்டர் ஃபேனிலோ அது சிக்காதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் என்பதால், சாவியை எடுத்த பின்பும் குழாயை அதன் பக்கம் போகவிடக் கூடாது.