பெருமாள்மலை மௌன முகாம், மூணு நாள் இருந்துட்டு வந்த அனுபவம்

போன மார்கழில கொடைக்கானல் போற வழியில பெருமாள்மலைகிட்ட ஒரு வீட்டுல நடக்குற மௌன முகாமுக்குப் போயிட்டு வந்தேன். பழனிலேர்ந்து வர்ற ரோடும் வத்தலகுண்டு ரோடும் சேருற இடத்துலேர்ந்து ஒரு இருபது நிமிஷம் நடை. வாசல்ல போர்டு கிடையாது, பேர் போட்டு எழுதவேண்டாம்னும் கேட்டுக்கிட்டாங்க, அதனால போடல. சாப்பாடு, தங்குறது எல்லாம் சேர்த்து மூணு நாளைக்கு 3600 ரூபா வாங்குனாங்க. ஒரு தடவைக்கு பன்னெண்டு பேருக்கு மேல சேர்க்குறதில்ல.

நான் ஏன் போனேன்னு சொன்னாத்தான் இந்த ரிவியூ உங்களுக்கு உபயோகப்படும். மதுரை விளக்குத்தூண்ல ஜவுளிக்கடை வச்சிருக்கேன். என் தம்பி பையன் கல்யாணப் பத்திரிகைல என் பேரை என் சித்தப்பா பேருக்குக் கீழ நாலாவது வரில போட்டுட்டாங்க, அதுலேர்ந்து ரெண்டு வருஷமா தம்பிகூட பேச்சுவார்த்தை இல்ல. கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதுனேன், சாப்பிடாம வந்துட்டேன். பந்தில எல போட்டதுக்கப்பறம் எந்திரிச்சு வந்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஊர்ல ஒரு முகாமுக்குப் போயிருக்கேன், அங்க 18,000 ரூபா. ஈகோவை அழிச்சிடலாம்னு சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அறுவது பேர் முன்னாடி ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னு நான் இன்னின்ன தப்பு பண்ணேன்னு சொல்லணும், மத்தவங்க சத்தம் போட்டுத் திட்டுவாங்க, ஒரு அம்மா அழுதுக்கிட்டே மயங்கி விழுந்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எனக்கு அகங்காரமே போயிடுச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அந்த ஒரு வாரத்துலதான் சீரியல் பாத்துக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரம்மாவ ஏதோ புரியாத ஜென்மம் மாதிரி பார்த்தேன். அதுக்கு முன்னாடி அவள அப்படி ஒரு நாளும் பார்த்ததில்ல. தியானம் பண்றவன் நான், இவங்கல்லாம் சும்மா, அப்படின்னு உள்ள ஒருத்தன் புதுசா உக்காந்திருந்தான், பழையவன விட மோசமானவன்.

பெருமாள்மலைல நடத்துறவர் எழுபது வயசுப் பெரியவர், எல்லாரும் சார்னுதான் கூப்பிடுறோம். முதல் நாள் அவர் பேசுனது மொத்தமே முக்கா மணி நேரம்தான். அகங்காரம்னா திமிருன்னு நினைச்சுக்கிட்டு வந்திருப்பீங்க, அது இல்லன்னாரு. நம்ம பெரியவங்க அந்தக்கரணம்னு, அதாவது உள்ள இருந்து வேலை செய்யுற கருவின்னு, நாலு சொல்லியிருக்காங்க, மனம், புத்தி, சித்தம், அகங்காரம், அதுல அது ஒண்ணு, அதுக்குன்னு ஒரு வேலை இருக்கு. அகம்னா நான், காரம்னா ஆக்குறது, நடக்குற எதுமேலயும் நான்னு முத்திரை குத்துறதுதான் அதோட வேலை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஒருத்தன் வேணும்ல, அவனக் கொன்னுட்டு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டாரு. உக்காந்திருக்கும்போது வலிக்குதுங்கறது ஒண்ணு, என் கால் வலிக்குதுங்கறது ரெண்டு, எனக்கு மட்டும் ஏன் வலிக்குதுங்கறது மூணு, இந்த மூணுக்கும் நடுவுல அது எந்த இடத்துல வருதுன்னு மட்டும் பாருங்க, வெரட்டாதீங்கன்னாரு. மூணு நாளும் பயிற்சி இதுதான்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் பேசலாம். கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு கவுன்சிலிங் பண்ற மேடம் வந்திருந்தாங்க, அவங்க சொன்ன ஒரு விஷயத்துல பல வருஷக் குழப்பம் தெளிஞ்சுது. ஃப்ராய்டு 1923ல எழுதுனப்ப ஜெர்மன்ல வெறுமன 'நான்'ங்கற சாதாரண வார்த்தையத்தான் போட்டிருக்காரு, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்கதான் ஈகோன்னு லத்தீன் வார்த்தைய வச்சது. அவரு சொன்ன ஈகோ, உள்ள இருக்குற ஆசைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல நின்னு சமாளிக்கிறது, அது பலமா இருந்தாத்தான் மனுஷன் நல்லா இருப்பான். நம்ம ஊர்ல புருஷன் பொண்டாட்டி சண்டைல "ஈகோ பாக்குறான்"னு சொல்றது வேற, சாமியாருங்க ஈகோவ விடுன்னு சொல்றது வேற. மூணையும் ஒரே வார்த்தைல போட்டுக்கிட்டு அழி அழின்னா, ஏற்கனவே மனசு ஒடஞ்சிருக்குறவங்க இன்னும் ஒடஞ்சு போவாங்கன்னாங்க. எனக்கு அந்த மயங்கி விழுந்த அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. இங்க சேரும்போதே மனசுக்கு மாத்திரை எடுக்குறீங்களான்னு கேக்குறாங்க, எடுத்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிடுறாங்க. இந்த ஒண்ணுக்காகவே மத்தவங்ககிட்ட தைரியமா சொல்லுவேன்.

எல்லாருக்கும் ஒரு வேலை குடுப்பாங்க. எனக்குக் கெடச்சது வெந்நீர் போடுற செம்புத் தவலைய விளக்குறது. கொல்லப்பக்கம் உக்காந்து புளியும் உப்பும் வச்சு முக்கா மணி நேரம் தேய்ச்சேன், பச்சப் பச்சயா இருந்த களிம்பெல்லாம் போயி வெயில்ல தகதகன்னு மின்னுச்சு. சமையல் பண்ற அக்கா பார்த்து ஏதாவது சொல்லுவாங்கன்னு ரெண்டு தடவ அந்தப் பக்கம் தூக்கிட்டு நடந்தேன், மௌனம்ங்கறதையே மறந்துட்டு. மறுநாள் விடியக்காலைல பார்த்தா அந்த அக்கா அதே தவலைய மறுபடி புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்குக் காது ரெண்டும் சூடாகிடுச்சு. நான் தேய்ச்சது பத்தலையாமா, கடைல எட்டுப் பேருக்குச் சம்பளம் குடுக்குறவன் நான், எனக்கு ஒரு பாத்திரம் விளக்கத் தெரியாதா, அப்படியே போயி அந்தக் கல்யாணப் பத்திரிகைல நாலாவது வரி வரைக்கும் ஓடிடுச்சு மனசு. அதே சூடு, அதே காது. அது முத்திரை குத்துறத அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். கோவம் வர்றத இல்ல, கோவத்துக்கு ஒரு செகண்டு முன்னாடி "நான்"னு ஒண்ணு எந்திரிக்குதே, அத. பார்த்ததும் அது போயிடல, ஆனா எறங்குச்சு, தொண்டைலேர்ந்து கீழ எறங்குறது தெரிஞ்சுது. சாயங்காலம் அந்த அக்காகிட்ட கேட்டேன். "தெனமும் தேய்க்கணும்ணே, மலைல ஈரக்காத்துக்கு ஒரே ராத்திரில ஏறிடும்"னாங்க, அவ்வளவுதான் அவங்க சொன்னது.

சார்கிட்ட இதச் சொன்னப்ப சைவ சித்தாந்தத்துல ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரோட கூடவே இருக்குற 'நான்'ங்கற அழுக்குக்கு, செம்புல களிம்புன்னுதான் உவமையே சொல்லியிருக்குன்னாரு. களிம்பு வெளியிலேர்ந்து வந்து ஒட்டுனது இல்ல, செம்பு இருக்குறப்பவே அதுவும் கூட இருக்கு, அதே மாதிரி ஆணவமும் அடியோட அழியாது, அதோட சக்திதான் அடங்கும், முக்தில கூட அப்படித்தான்னு சொல்றாங்களாம். சின்ன வயசுலேர்ந்து ஆணவம் கன்மம் மாயைன்னு கோயில்ல கேட்டிருக்கேன், இப்படி யாரும் சொல்லி எனக்குப் புரிஞ்சதில்ல.

அப்பறம் பழனி கதை. பழம் கெடைக்கலன்னு கோவிச்சுக்கிட்டு வந்த புள்ளதான இங்க ஆண்டியா நிக்குறாரு, அந்தக் கோவம் இல்லன்னா இந்த மலையே இல்லையேன்னு சார் சொன்னப்ப நான் தலைய குனிஞ்சுக்கிட்டேன். பத்திரிகைல பேர் ஒழுங்கா போட்டிருந்தாங்கன்னா நானும் இங்க வந்திருக்க மாட்டேன்.

மதுரைல மீனாட்சி கோயில் பக்கத்துல ரமண மகரிஷிக்கு 1896ல, பதினாறு வயசுல, மரண பயம் வந்து அவரு தரைல படுத்து செத்தா சாகுறது யாருன்னு பார்த்த வீடு இருக்கு, இப்ப ரமண மந்திரமா வச்சிருக்காங்க. கடைக்குப் போக வர முப்பது வருஷமா அந்தத் தெருவ தாண்டுறேன், உள்ள போனதில்ல. ஊருக்கு வந்த மறுநாள் போனேன், பத்து நிமிஷம் உக்காந்தேன்.

குறைன்னு பார்த்தா, சாயங்காலப் பேச்சுல சைவத்துல சொல்ற தத்துவம் முப்பத்தாறுன்னு ஒரு நாள் ஆரம்பிச்சுட்டாங்க, புதுசா வந்த ரெண்டு பசங்க அப்படியே முழிச்சாங்க, அதக் கொஞ்சம் கொறைக்கலாம். பாத்ரூம் வெளிய இருக்கு, காலைல நாலரைக்கு மணி அடிச்சதும் அந்தக் குளிர்ல போறது வயசானவங்களுக்குக் கஷ்டம். சாப்பாடு அருமை, சௌசௌ கூட்டும் மலைப்பூண்டு ரசமும் இன்னும் நாக்குல இருக்கு.

தம்பிக்குப் போன் பண்ணீங்களான்னு கேப்பீங்க. பண்ணேன். எடுக்கல. "நானே பண்ணியும் எடுக்கலையா"ன்னு உடனே எந்திரிச்சுது, பார்த்தேன், அடுத்த நாளும் பண்ணேன். இன்னும் எடுக்கல, பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.

போறவங்க ஆரப்பாளையத்துலேர்ந்து கொடைக்கானல் பஸ் ஏறி பெருமாள்மலைன்னு டிக்கெட் வாங்குங்க. சொந்த வண்டில வந்தா ஈ-பாஸ் போட்டுக்கங்க, 2024 மே மாசத்துலேர்ந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம், அரசு பஸ்ல வந்தா வேண்டியதில்ல. மார்கழி தைல போறதா இருந்தா கையோட ஒரு கம்பளி எடுத்துட்டுப் போங்க, அங்க ஆளுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க, பத்தாது.