ஆய்வுப் பணி அறிவிக்கை தேடித் தரும் மஞ்சக்குப்பம் கணினி மையம்: ஆறு மாத அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையாகத் தொடங்கிய ஒரு கணினி மையம், பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பணி அறிவிக்கைகளைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும், கேட்டால் விண்ணப்பம் நிரப்பித் தருவதையும் தனிச் சேவையாக நடத்திவருகிறது. எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த என் மகளுக்காக ஆறு மாதங்களுக்கு 600 ரூபாய் கட்டியிருந்தேன். சென்ற வாரம் தவணை முடிந்தது.

தேடுவதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆய்வுத் திட்டப் பணிகள், நிரந்தர ஆசிரியர் பணியிடங்களைப் போல நாளிதழ்களில் பெரிய விளம்பரமாக வருவதில்லை. நிதி பெற்ற பேராசிரியர் ஒரே ஓர் இடத்துக்கு ஓரிரு பக்க அறிவிக்கை வெளியிடுவார், நமக்குத் தெரியவரும் முன்பே கடைசி நாள் கடந்திருக்கும். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் ஆனாலும், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் வைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனாலும், அறிவிக்கை வந்த ஓரிரு நாளில் எங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் வயது வரம்புச் சலுகை கேட்பதற்கு, மாநில அரசின் பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும் என்பதையும் அங்கிருந்த பெண்தான் முன்கூட்டியே சொல்லி, தாலுகா அலுவலகத்துக்கு எங்களை அனுப்பினார்.

கண்டெடுத்த அறிவிக்கையைக் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம்தான் அங்கே இல்லை. "மத்திய அரசு வேலை, மாதம் 37,000" என்று சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்தது. தொகை சரிதான், இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்கு நெட், கேட் போன்ற தேசியத் தேர்வில் தேர்ச்சி கேட்கிறார்கள், திட்டம் முடிந்தால் பணியும் முடிந்துவிடும், பின்னாளில் நிரந்தரம் கேட்கவும் வழியில்லை. இவை அனைத்தும் அதே அறிவிக்கையின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருந்தன. நெட் தேறாத என் மகளுக்கும் "போட்டுப் பார்க்கலாமே" என்று விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு முறை நடந்தது அதைவிட மோசம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் பெருங்கடல் ஆய்வு, கடல் உயிரியல் துறையில் ஓர் இடம் என்று செய்தி வந்தது. கடலூரிலிருந்து பேருந்தில் போய்வரலாம், விடுதிச் செலவு மிச்சம் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டோம். அந்தத் துறை காலாப்பட்டில் இல்லை, அந்தமானில் இருக்கிறது. போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீவிஜயபுரம், என்று அறிவிக்கையின் தலைப்புக்குக் கீழேயே இருந்ததை, விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு என் மகள்தான் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு, "பல்கலைக்கழகம் ஒன்றுதானே சார்" என்றார் கடைக்காரர். பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே எழவில்லை.

ஆறு மாதத் தவணையை மறுபடியும் கட்டத்தான் போகிறேன், அந்தத் தேடலை எங்களால் செய்ய முடியாது. விண்ணப்பத்தை மட்டும் இனி வீட்டிலேயே நிரப்பிக்கொள்வதாக இருக்கிறோம்.