ஜன்னல் ஃபிலிமோடு ஒன்பது ஆண்டுகள்: ஒரு காட்சிக்கூடத்தின் அனுபவம்

மேற்கு நோக்கிய ஏழு ஜன்னல்கள் கொண்ட அருங்காட்சியகக் கூடம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். அங்குள்ள துணிகள், கையெழுத்துப் படிகள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைக் காப்பதற்காக ஜன்னல் கண்ணாடிகளின் உட்புறம் புற ஊதாத் தடுப்பு ஃபிலிம் ஒட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் குறுகிய அலைகளைத் தானே தடுத்துவிடும். ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலானவை மட்டும் பெருமளவு உள்ளே வந்துவிடும். செய்தித்தாள் மஞ்சளாவதிலும் துணி இழை நைந்துபோவதிலும் இவற்றின் பங்கு பெரிது. ஒட்டுவதற்கு முன் லூமனுக்கு (ஒளியை அளக்கும் ஓர் அலகு) 400 மைக்ரோவாட்டுக்கு மேல் புற ஊதாவைக் காட்டிய மீட்டர், ஒட்டிய பின் 10க்குக் கீழே இறங்கியது. ஃபிலிம் புற ஊதாவைத் தடுக்கும் என்று விற்றவர் சொன்னதில் பொய்யில்லை.

பிழை எங்களுடையது. ஃபிலிம் இருக்கிறதே என்ற தைரியத்தில், கூடம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று கனமான திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டோம். இரண்டாம் ஆண்டில், ஜன்னலோரப் பேழையில் இருந்த மஞ்சள் சாயத் துணியின் விளக்க அட்டையை மாற்றுவதற்காக எடுத்தபோது, அட்டை மறைத்திருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு நீள்சதுரமாக நிற்க, சுற்றிலும் துணி வெளிறிக் கிடந்தது. (துணியின் மேலேயே அட்டையை வைத்ததும் தவறுதான், அது வேறு கதை.) சாயத்தை வெளுக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், குறிப்பாக அதன் ஊதா, நீலப் பகுதிக்கும், பங்குண்டு, நிறமற்ற ஃபிலிம் அந்த ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே விட்டுவிடுகிறது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். துணி, தாள் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. அதே பேழையின் மேல் மாலை வெயில் நேராக விழுந்தபோது லக்ஸ் மீட்டர் 40,000 காட்டியது. அந்த வெயில் மூன்று மணி நேரம் விழுந்தால் ஓராண்டுக்கு உரிய ஒளி முழுவதும் ஒரே மாலையில் தீர்ந்துவிடுகிறது. ஒளியால் நேரும் சேதம் நாள்தோறும் கூடிக்கொண்டே போகுமே தவிர, இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது.

நம்பாதவர்களுக்காக, ஒளியால் நேரும் வெளிறலை அளக்க உதவும் நீலச் சாயமிட்ட கம்பளிப் பட்டை ஒன்றைப் பாதி அலுமினியத் தாளால் மூடி அதே பேழையில் வைத்தோம். 1 முதல் 8 வரை எண்ணிட்ட அந்தப் பட்டையில், ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு ஒளியைத் தாங்கும். ஃபிலிம் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் இருந்தும், ஒரே கோடையில் முதல் இரண்டு எண்களும் தெளிவாக மங்கின. திரைச்சீலைகள் அந்த வாரமே திரும்பி வந்தன. துணிகளும் தாள்களும் ஜன்னலற்ற உள்ளறைக்குச் சென்றன. மூன்று மாதம் காட்சி, பிறகு நீண்ட ஓய்வு என்று முறை வைத்தோம். ஜன்னலோரத்தில் இப்போது கல்லும் சுடுமண்ணும் மட்டுமே.

ஃபிலிமின் முதுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டில் ஓரங்கள் உரியத் தொடங்கின. ஒரு ஜன்னலில் குமிழிகள் எழுந்தன. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத வேறொரு கண்ணாடியில் மீட்டர் 60ஐத் தாண்டியதுதான் என்னை உண்மையில் கலங்கச் செய்தது. தடுக்கும் திறன் குறைந்த பிறகும் ஃபிலிம் பளிச்சென்றே இருக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து பதிவேட்டில் எழுதி வருகிறேன்.

மீண்டும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். மூன்று ஜன்னல்களுக்குப் புதிதாக ஒட்டியும் விட்டோம். ஆனால் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், திரைச்சீலையையே முதலில் வாங்குவேன்.